ஆட்டோவா, ஃபிக்ஸ்டா?

நெட்வொர்க் ஸ்விட்ச் போர்ட்டில் வேகத்தையும் டூப்ளெக்ஸையும் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடிந்தால் ஃபுல், மாறி மாறித்தான் என்றால் ஹாஃப்) ஆட்டோவில், அதாவது இரண்டு முனையும் தாங்களே பேசி முடிவு செய்யும்படி விடலாமா, 100 மெகாபிட் ஃபுல் என்று கையால் பூட்டலாமா? பழைய ஆட்கள் பூட்டத்தான் சொல்வார்கள். 1995-இல் ஃபாஸ்ட் ஈதர்நெட்டோடு (100 மெகாபிட் நெட்வொர்க்) ஆட்டோ வந்த புதிதில் சில நெட்வொர்க் கார்டுகளும் ஸ்விட்ச்களும் ஒத்துப்போகாமல் படுத்தின. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

பூட்டுவதில் தப்பில்லை, இரண்டு முனையையும் பூட்டினால். ஒரு முனையை மட்டும் பூட்டினால்தான் வம்பு. பூட்டிய முனை பேச்சுவார்த்தைக்கே வராது. ஆட்டோ முனை சிக்னலைப் பார்த்து வேகம் 100 என்று கண்டுபிடித்துவிடும், டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழியில்லை. விதிப்படி ஹாஃபில் உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு அலுவலகத்தில் இதே கூத்தை நேரில் பார்த்தேன். லிங்க் விளக்கு பச்சை, பிங் (சிறு சோதனைப் பாக்கெட்) சுத்தம். ஃபைலை காப்பி செய்தால் மட்டும் நத்தை. கேபிளை இரண்டு முறை மாற்றிய பிறகுதான் போர்ட்டின் பிழைக் கவுண்டரைப் பார்க்கத் தோன்றியது: ஹாஃப் பக்கம் லேட் கொலிஷன் (தாமதமாகக் கண்ட மோதல்), ஃபுல் பக்கம் சிஆர்சி பிழை (சிதைந்து வந்த தரவு). இந்த ஜோடியைக் கண்டால் கேபிளைக் குறை சொல்லாதீர்கள், முதலில் இரண்டு முனை டூப்ளெக்ஸும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

காப்பர் கேபிளில் கிகாபிட் என்றால் விவாதமே இல்லை. எந்த முனை மாஸ்டர் (கடிகாரத் துடிப்பைத் தருவது), எது ஸ்லேவ் (அதைப் பின்பற்றுவது) என்பதே ஆட்டோவில்தான் முடிவாகிறது. அங்கே ஆட்டோவை அணைக்கவே கூடாது.

என் ஓட்டு ஆட்டோவுக்கே. எதிர்முனை ஆட்டோ தெரியாத பழைய கருவி என்றால் மட்டும் பூட்டுவேன், அதுவும் போர்ட் விவரத்தில் எழுதிவைத்துவிட்டு.