காரைக்குடிப் பழைய மரக்கடை: உத்தரத்தை வாங்கலாம், புதுப் பலகை வேண்டாம்

தலைவாசல் நிலையும் கதவும் பர்மா தேக்கில்தான் அமைய வேண்டும் என்று வீட்டில் உறுதியாகச் சொல்லிவிட்டால், காரைக்குடியில் இடித்த வீடுகளின் மரங்களை விற்கும் கடைகளை முதலில் பார்க்கலாம். அப்படி நாங்கள் மரம் எடுத்த கடையைப் பற்றியது இந்த மதிப்புரை. குறைகளையும் எழுதுவதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

கடையின் பின்கட்டில் தூண், உத்தரம், நிலை, சன்னல் சட்டம் என்று வகை பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். எதற்கும் வார்னிஷ் பூசி மறைக்கவில்லை. உத்தரம் ஒன்றின் வெட்டுமுனையைக் கடைக்காரர் ஈரத்துணியால் துடைத்துக் காட்டியபோது, ஆண்டு வளையங்கள் எண்ண முடியாத நெருக்கத்தில் தெரிந்தன. ஓரத்தில் வெள்ளை எனப்படும் மென்மையான வெளிமரம் இல்லை, முழுவதும் வைரம், அதாவது முற்றிய உள்மரம். உடன் வந்த ஆசாரி உளியால் லேசாகச் சீவியதும், பல பத்தாண்டுகள் கூரையைத் தாங்கிய அந்த மரத்திலிருந்து எண்ணெய்ப் பிசுக்கும் புதுத்தோல் போன்ற மணமும் வெளிவந்தன. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் வெட்டப்படும் தோட்டத் தேக்கில் வெள்ளையே மிகுதி என்பதால், இந்தத் தரத்தை அதில் எதிர்பார்க்க முடியாது.

இந்த வைரம் பர்மாவின் பெகு யோமா போன்ற மலைகளின் இயற்கைக் காடுகளில் மிக மெதுவாக முதிர்ந்தது. நின்ற மரத்தின் பட்டையையும் வெள்ளையையும் சுற்றிலும் வெட்டி, இரண்டு மூன்று ஆண்டுகள் அப்படியே காயவிட்டு, பிறகு சாய்த்து, யானைகளைக் கொண்டு இழுத்து, ஆற்றில் மிதக்கவிட்டு ரங்கூன் சேர்ப்பார்கள். பச்சைத் தேக்கு மிதக்காது. 1885ஆம் ஆண்டு ஆங்கிலேயர் மேல்பர்மாவின் மீது படையெடுத்ததற்குச் சொன்ன உடனடிக் காரணமே, பாம்பே பர்மா என்ற ஆங்கிலேய மர வணிக நிறுவனத்துக்கு மரத்தீர்வை தொடர்பாக விதிக்கப்பட்ட அபராதம்தான். வட்டித் தொழிலுக்காக அங்கே சென்ற நகரத்தார், அந்தக் காட்டு மரத்தைத்தான் செட்டிநாட்டு வீடுகளுக்குத் தூணாகவும் கதவாகவும் கொண்டுவந்தார்கள்.

சிக்கல் கடையின் முன்பகுதியில் இருக்கிறது. அங்கே 'ஒரிஜினல் பர்மா' என்று புதிதாக அறுத்த பலகைகளும் விற்பனைக்கு உள்ளன. எந்தக் காட்டில் வெட்டியது என்று கேட்டபோது, மொத்த வியாபாரியின் ரசீதைத் தவிர வேறு தாள் எதுவும் கிடைக்கவில்லை. உலகின் இயற்கைத் தேக்குக் காடுகளில் ஏறத்தாழப் பாதி மியான்மரில் (பழைய பர்மா) இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. தாய்லாந்து 1989இல் தன் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடை செய்த பிறகு, அந்நாட்டு நிறுவனங்கள் எல்லை தாண்டி மியான்மர் காடுகளில் வெட்டத் தொடங்கின. மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது; 2016இல் நாடு முழுவதும் ஓராண்டுக்கும், பெகு யோமாவில் பத்து ஆண்டுகளுக்கும் மரம் வெட்டத் தடை விதித்தது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், அரசு மர நிறுவனத்தின் மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் பொருளாதாரத் தடை விதித்தன. இந்தியாவில் அப்படித் தடை இல்லாததால் வாங்குவது எளிது, ஆனால் எந்த இயற்கைக் காடு அழிந்து அந்தப் பலகை வந்தது என்பதை உறுதிசெய்ய வழியில்லை. கடைக்காரர் "அதெல்லாம் நம்ம கையில இல்லீங்க" என்றார். வாங்குவதும் விடுவதும் நம் கையில் இருப்பதால் நாங்கள் விட்டுவிட்டோம்.

பழைய மரத்திலும் ஒரு நெருடல் உண்டு. நல்ல விலை கிடைக்கும் என்பதற்காகவே சில வீடுகள் இடிபடுகின்றன. எந்த வீட்டு மரம் என்று கேட்டால் சிலவற்றுக்கு ஊர்ப்பெயர் சொல்கிறார்கள், சிலவற்றுக்குப் பேச்சை மாற்றுகிறார்கள். போதிகை (தூணின் தலைப்பகுதி) வேலைப்பாடு உள்ள தூண்களை அறுத்துப் பலகையாக்கவும் தயாராக இருக்கிறார்கள். அதற்கு உடன்பட வேண்டாம். வேலைப்பாடு இல்லாத உத்தரங்களும் விட்டங்களும் நிலைக்குப் போதும்.

விலை, கன அடிக் கணக்கில் புதுப் பலகையைவிடக் குறைவு. ஆனால் ஆணி பிடுங்கும் கூலி, அறுவைக் கூலி, துளைகளால் வரும் சேதாரம் ஆகியவற்றைச் சேர்த்தால் ஏறக்குறையச் சமமாகிவிடும். உள்ளே முறிந்து கிடக்கும் இரும்பாணி ரம்பப் பல்லை உடைத்துவிடும் என்று அறுவை மில்லில் முகம் சுளிப்பார்கள். ஆகவே மரத்தை முழுவதும் தட்டிப் பார்த்து, ஆணியெல்லாம் கடையிலேயே எடுத்துத் தர வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே பேசிக்கொள்வது நல்லது.