செல்ஃப் எடுக்காத டிராக்டரும் ஒரு சின்ன மீட்டரும்

பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன்னால் எர்த் வயரை, அதாவது பேட்டரியின் நெகட்டிவை எஞ்சினோடு சேர்க்கும் வயரைப் பாருங்கள். பழைய டிராக்டர் ஒன்றைப் பல வருடமாக வைத்து ஓட்டுகிறவன் என்ற முறையில், ஒரு வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

வண்டி மூன்று சிலிண்டர், 35 குதிரைத்திறன், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஊர் சோழவந்தான் பக்கம். வைகையின் பேரணையில் தண்ணீர் திறந்துவிட்டால் இங்கே எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தொழி அடித்தாக (நடவுக்கு வயலைச் சேறாக்கி உழுதாக) வேண்டும். அந்த நேரம் பார்த்து வண்டி மக்கர் பண்ணினால் வாடகைக்குக்கூட வேறு வண்டி சிக்காது. கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிச் சேற்றில் இறங்கினால் சேற்றுத் தண்ணீர், எஞ்சினைச் சுற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணும் செல்ஃப் மோட்டார் வரை தெறிக்கும். வயர் நுனியில் இருக்கும் வளையமான லக்குக்கும் போல்ட்டுக்கும் நடுவில் ஈரம் தங்கி, கொஞ்ச நாளில் பச்சை பூத்துவிடும். வெளியே பார்த்தால் வயர் இறுக்கமாகத்தான் இருக்கும்.

எஞ்சின் இதுவரை பெரிய செலவு வைக்கவில்லை. செலவு வைத்ததெல்லாம் ஸ்டார்ட்டிங் பிரச்சினைதான். ஆட்டோ எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டால் வண்டியைத் தொடுவதற்கு முன்பே, "அண்ணே, பேட்டரி போச்சு, மாத்திரலாம்" என்பார். மாற்றினால் எடுக்கவும் செய்யும். புது பேட்டரிக்குத் தெம்பு அதிகம், கெட்ட வயரையும் தாண்டித் தள்ளிவிடும். சில மாதத்தில் பழைய கதை திரும்ப வரும். அதனால்தான் சில நூறு ரூபாய் கொடுத்து ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். இந்த வண்டிக்காக வாங்கியதில் உருப்படியானது அதுதான்.

மீட்டரை எடுக்கும் முன் காதைக் கொடுக்க வேண்டும். சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லையென்றால் சாவி சுவிட்ச், நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச் (கியர் நியூட்ரலில் இருந்தால்தான் செல்ஃப் எடுக்கவிடும்), சோலினாய்டுக்கு (மோட்டாருக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) போகும் சின்ன வயர், இவற்றில் ஒன்று. ஒரே ஒரு 'டக்' கேட்டு நின்றால் சோலினாய்டு இழுக்கிறது, மோட்டார் சுற்றவில்லை. 'டகடகடக' என்று அடித்தால் வோல்டேஜ் சரிகிறது: மோட்டாருக்கு லைன் கிடைத்ததும் வோல்டேஜ் படுத்துவிட, பிடித்துவைக்கும் காயில் விட்டுவிடுகிறது, விட்டதும் வோல்டேஜ் ஏற, மறுபடி இழுக்கிறது. 'விர்ர்' என்று மோட்டார் மட்டும் சுற்றினால் மோட்டாரை எஞ்சினோடு கோக்கும் பெண்டிக்ஸ் பல் கடிக்கவில்லை. நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காவிட்டால் அது கரண்ட் சமாச்சாரமே இல்லை, டீசல் லைனில் ஏர் லாக் (காற்று அடைப்பு) இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புவதும் நல்ல சோதனை. விளக்கு சுத்தமாக அணைந்தால் டெர்மினல் சரியில்லை, இல்லை பேட்டரி காலி. விளக்கு அசையாமல் எரிந்தால் மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை.

இனி மீட்டர். சும்மா நிற்கும் வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி முழு சார்ஜ், 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். ஆனால் நிற்கும்போது எடுக்கும் இந்த அளவு பாதி உண்மைதான் சொல்லும். வயரின் யோக்கியதை கரண்ட் ஓடும்போதுதான் தெரியும். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சின் பிடிக்காமல் ஸ்டாப் ராடை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒருவர் செல்ஃப் அடிக்க வேண்டும். முதலில் பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வையுங்கள். அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்காவிட்டால் பேட்டரியை விட்டுவிடலாம். அடுத்து, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழில் (கிளாம்பில் இல்லை, குமிழிலேயே), இன்னொன்றை எஞ்சின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இடத்தில் வைத்து அடித்துப் பாருங்கள். 0.2, 0.3 வோல்ட் வந்தால் நல்லது. என் வண்டியில் 1.8 வந்தது. பாசிட்டிவ் குமிழுக்கும் செல்ஃப் மோட்டார் போல்ட்டுக்கும் இடையில் பார்த்தால் அங்கே இன்னொரு அரை வோல்ட் நின்றது.

இரண்டு வோல்ட்தானே என்று விடக் கூடாது. செல்ஃப் அடிக்கும்போது சுமார் 200 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கே நின்றுவிடும், 400 வாட் சூடாகப் போகும். நாலைந்து முறை அடித்துவிட்டு லக்கைத் தொட்டுப் பாருங்கள், எது கெட்டது என்று கையே சொல்லிவிடும்.

என் வண்டியில் காரணம் பெயிண்ட். முன்னால் வைத்திருந்தவர் பொங்கலுக்குப் பொங்கல் பெயிண்ட் அடித்து மாலை போட்டிருக்கிறார். எர்த் லக்குக்கு அடியிலும் நல்ல தடிமனாக ஏறியிருந்தது. அதை இரும்பு தெரியச் சுரண்டி, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, வாஸ்லின் தடவினேன். பழைய எர்த் பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு 50 சதுர மில்லிமீட்டர் செம்பு வெல்டிங் கேபிளில் புதிதாக ஒன்று போட்டேன். அப்புறம் 1.8 இருந்த இடத்தில் 0.15. புது பேட்டரி விலையோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. கேபிள் வாங்கும்போது ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டெர்மினலில் பூக்கும் வெள்ளைப் பொடிக்கு சமையல் சோடா கலந்த வெந்நீர் போதும், செல்லுக்குள் மட்டும் போகக் கூடாது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். சித்திரை வெயிலில் பேட்டரித் தண்ணீர் வேகமாக வற்றும், டிஸ்டில்ட் வாட்டர் தவிர எதையும் ஊற்ற வேண்டாம். எங்கள் பக்கம் ஆர்ஓ தண்ணீரை ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பேட்டரி சீக்கிரம் போனால் கடைக்காரரைத் திட்டுவதும் அவர்களேதான்.

வண்டி இரண்டு வாரம் சும்மா நின்றால் பேட்டரி இறங்கிய பிரச்சினை தனி. டிரைவர் மாட்டிய பாட்டுப் பெட்டி, சாவியை எடுத்த பிறகும் 0.2 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு 4.8 ஆம்பியர்-ஹவர், இரண்டு வாரத்தில் 67. இருப்பது 88 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, அப்புறம் எப்படிச் சுற்றும்? இதை அளக்க நெகட்டிவைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் நடுவில் வைக்க வேண்டும். அந்த நிலையில் மறந்துகூட செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டரே போய்விடும். இப்போது பாட்டுப் பெட்டியின் லைன் சாவி வழியாகத்தான் போகிறது.

என் வண்டியில் ஒற்றை 'டக்' கேட்டு நிற்பதும் இருந்தது. சோலினாய்டின் சின்ன டெர்மினலுக்கு சாவியைத் திருப்பும்போது 9 வோல்ட்கூட வரவில்லை, நீளமான பழைய வயரும் தேய்ந்த சுவிட்சும்தான் காரணம். ஒரு 40 ஆம்பியர் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறக்கும் சுவிட்ச்) போட்டேன். அதன் கால்களில் இருக்கும் எண்படி: 30க்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக லைன், 87 சோலினாய்டுக்கு, 86க்கு சாவியிலிருந்து வரும் பழைய வயர், 85 எர்த். அந்த ஒற்றை 'டக்' அதோடு நின்றது.

காலையில் எடுக்கும், மதியம் சூடானதும் இழுவையாகச் சுற்றும் என்றால் அது வேறு வியாதி. செல்ஃப் மோட்டாரில் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, உள்ளே சுற்றும் ஆர்மேச்சர் உரசி ஓடுகிறது என்று சந்தேகப்படலாம். புஷ்ஷும் கார்பன் பிரஷ்ஷும் மாற்றினால் போதும். முழு மோட்டார் மாற்றச் சொல்கிறவரிடம் ஆர்மேச்சரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விலை குறைந்த டூப்ளிகேட் மோட்டார் ஒன்றும் போட்டுப் பார்த்தேன், பிரஷ் ஒரு போகம்கூடத் தாங்கவில்லை.

ஸ்க்ரூடிரைவரை சோலினாய்டில் குறுக்கே வைத்து ஸ்டார்ட் பண்ணும் பழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது. அப்படிச் செய்தால் நியூட்ரல் சுவிட்ச் வேலைக்கு வராது. கியரில் நின்ற வண்டி, முன்னால் நிற்பவர் மேலேயே ஏறிவிடும். சாவியில் எடுக்காவிட்டால் எடுக்க வேண்டாம் என்று டிரைவரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்.

இப்போது மிச்சமிருப்பது பேட்டரியை சார்ஜ் பண்ணும் டைனமோ. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். இதில் 13.5தான் வருகிறது, ஹெட்லைட் போட்டால் 13.1. ஃபேன் பெல்ட்டை இறுக்கியாயிற்று, டைனமோவின் எர்த்தும் சுத்தம். தை அறுவடை முடிந்ததும் கழற்றி பிரஷ் பார்க்கக் கொடுக்க வேண்டும்.