நாகதாளிக்குப் பூச்சி விட்டேன்: சில வருட அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாகதாளி என்கிற சப்பாத்திக்கள்ளியின் சாறை உறிஞ்சிக் கொல்கிற கொச்சினீல் பூச்சி வேலை செய்கிறது. ஆனால் வருகிற ஆவணியில் கல்யாணம், அதற்குள் வளவு துப்புரவாக வேண்டும் என்று அவதிப்படுபவர்களுக்கு இது சரிவராது. யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில், வேலணையில் இருக்கிற எங்கள் காணியில் நாகதாளிக்கு எதிராகப் பூச்சியை விட்டு நாலைந்து வருடம் ஆகிறது. புதரில் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சம் இருக்கிறது, இனியும் இருக்கத்தான் போகிறது. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தொண்ணூறில் போரால் சனம் இடம்பெயர்ந்த பிறகு நெடுங்காலம் யாரும் கால் வைக்காத காணி அது. ஆடுமாடு வராமல் இருக்க அந்தக் காலத்தில் வேலியோரம் நட்ட நாகதாளி, ஆட்கள் இல்லாத காலத்தில் வேலியை விட்டு இறங்கிக் கிணற்றடி வரை வந்துவிட்டது. ஆள் உயரப் புதர். உள்ளே எலி, எலியைத் தேடிப் புடையன் பாம்பு. எங்கள் பக்கத்தில் பலர் நாகதாளியை இந்த மண்ணின் செடி என்றே நினைக்கிறார்கள். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அங்கே அதைத் தின்னும் பூச்சிகள் ஏராளம், இங்கே இல்லை. அதுதான் அதன் திமிருக்குக் காரணம். பெரிய முள்ளைக் கண்டால் விலகிக்கொள்ளலாம். அதன் அடியில் கொத்தாக இருக்கிற சுணைதான் ஆளைப் படுத்தும். தோலில் ஏறினால் கண்ணுக்கும் தெரியாது, நகத்துக்கும் அகப்படாது, நாள்கணக்கில் அரிக்கும்.

வேறு வழிகளைப் பார்க்காமல் இதற்கு வரவில்லை. பக்கத்துக் காணிக்காரர் ஜேசிபி பிடித்துத் தள்ளினார். பார்க்க நல்ல துப்புரவாகத்தான் இருந்தது. ஆனால் நாகதாளியின் உடைந்த மடல் ஒவ்வொன்றும் மண்ணில் விழுந்தால் வேர் விடும். அடுத்த மாரி முடிய, முன்பு வேலியோரம் மட்டும் நின்றது காணி முழுக்கப் பரவலாக முளைத்து நின்றது. களைகொல்லி என்றால் கிளைபோசேட்டுக்கு 2015 இல் தடை, பிறகு 2021 இல் விவசாய இரசாயனங்களின் இறக்குமதியே நின்று, கிடைத்த கொஞ்சநஞ்சமும் யானை விலை. அதைவிட எனக்குக் கிணற்றைப் பற்றித்தான் பயம். தீவுப் பகுதியில் நல்ல தண்ணீர் என்பது உவர்நீருக்கு மேல் நிற்கும் மெல்லிய படைதான். அதற்குள் மருந்து இறங்கினால் யாரிடம் போய் முறையிடுவது?

பூச்சியைப் பற்றி ஒரு வயதான விவசாயப் போதனாசிரியர்தான் முதலில் சொன்னார். கொச்சினீல் பூச்சி. இதற்கும் இலங்கைக்கும் உள்ள தொடர்பு பழையது. 1795 இல் சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்று பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வந்தது நல்ல சாயம் தருகிற இனம் அல்ல, அதன் ஒன்றுவிட்ட சகோதரம். சாயவியாபாரம் படுத்துவிட்டது, ஆனால் அந்தப் பூச்சி அங்கிருந்த ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. அதைப் பார்த்துத்தான் 1865 அளவில் வேண்டுமென்றே இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். களையை அழிப்பதற்காக ஒரு பூச்சியை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோனது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை என்று எழுதுகிறார்கள். அந்த இனத்தின் அறிவியல் பெயரிலேயே சிலோன் இருக்கிறது.

ஆனால் அது எங்கள் நாகதாளியைத் தொடாது. இந்தப் பூச்சிகளுக்கு அவ்வளவு வாய்க்கட்டுப்பாடு. ஒரு வகைக் கள்ளியில் பிழைப்பது இன்னொரு வகையில் பட்டினி கிடக்கும். நாகதாளிக்கு ஏற்ற வேறோர் இனத்தை 1924 இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கே கொண்டுவந்தார்கள். இரண்டு வருடத்தில் அது இங்கிருந்து இந்தியாவுக்கும் போனது. ஆகவே நான் விட்டது புதிதாக இறக்கிய பூச்சி அல்ல. நூறு வருடமாக இந்த நாட்டில் இருக்கிற ஒன்றை, இருந்த புதரிலிருந்து இல்லாத புதருக்கு மாற்றினேன், அவ்வளவுதான்.

தீவுப் பக்கத்திலேயே தெருவோரப் புதர் ஒன்றில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்த மடல்களைக் கண்டோம். பூச்சியா பூஞ்சணமா என்று அறிய ஒரு குச்சியால் பஞ்சை நசுக்கினால் போதும். நல்ல இரத்தச் சிவப்புச் சாறு வரும். வந்தால் அதுதான். (உணவுப் பொதிகளில் ஈ120 என்று போடுகிற சிவப்புச் சாயம் இந்தக் குடும்பத்துப் பூச்சியின் சாறுதான். சைவக்காரர்கள் அதையும் ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கள்.) போதனாசிரியரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் கை வைத்தோம்.

வேலை சுலபம். பஞ்சு தடிப்பாகப் பிடித்த மடல்களைக் கொக்கத்தடியால் அறுத்து உரப்பையில் போட்டுக் கொண்டுவந்து, நல்ல புதரின் நடு உயரத்தில் செருகிவிட வேண்டும். கயிறு தேவையில்லை, முள்ளே பிடித்துக்கொள்ளும். நிலத்தில் மட்டும் விழவிடாதீர்கள், அதுவும் முளைக்கும். வெட்டிய மடல் வாடவாட, கடுகிலும் சிறிய சிவந்த குஞ்சுகள் அதை விட்டு ஊர்ந்து பச்சை மடலுக்கு ஏறும். ஓரிடத்தில் பெண் பூச்சி வாயைச் செருகிவிட்டால் சாகும்வரை அந்த இடம்தான். சாறை உறிஞ்சும், மேலே மெழுகுப் பஞ்சைப் போர்த்திக்கொள்ளும். வயது வந்த ஆணுக்கு இறக்கை உண்டு, ஆனால் தின்ன வாய் இல்லை, சேர்ந்துவிட்டுச் சாகும். ஊரில் சில பேரை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

பரவுவது குஞ்சுகளால்தான். அவற்றின் உடம்பில் மெல்லிய மெழுகிழைகள் நீட்டிக்கொண்டிருக்கும், காற்று அள்ளிக்கொண்டு போகும். ஆகவே சோளகக் காற்று எந்தப் பக்கத்தால் வருகிறதோ அந்தப் பக்கத்தில், அதாவது தென்மேற்கு ஓரத்தில், மடல்களைச் செருகினோம். மிச்ச வேலையைக் காற்று பார்த்துக்கொண்டது. வடகிழக்குப் பக்கம் செருகியிருந்தால் பாதிப் பூச்சி தெருவுக்குப் போயிருக்கும்.

பருவம்தான் எல்லாம். மாரி மழை இந்தப் பூச்சிக்கு எமன். ஐப்பசி, கார்த்திகை மழை பஞ்சைக் கழுவிக் குஞ்சுகளை மண்ணோடு கொண்டுபோய்விடும். முதல் வருடம் பங்குனியில் விட்டோம். சித்திரை, வைகாசியில் ஒன்றும் தெரியவில்லை. ஆனி ஆடியில் சோளகம் கிளம்ப வெள்ளை பரவத் தொடங்கியது. ஆவணியில் சில மடல்கள் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தன. எங்களுக்குக் கொண்டாட்டம். பிறகு மாரி வந்தது, புதர் கழுவி எடுத்த பச்சையாக நின்றது, அடியிலிருந்து புது மடல் வேறு விட்டது. இந்த இடத்தில்தான் பலர் "பூச்சி வேலைக்காகாது" என்று கைவிடுவார்கள். புதரின் உட்பக்கத்தில், மழை நேரே படாத மடல்களின் அடியில் பூச்சி இருந்தது. தை பிறக்க அங்கிருந்து திரும்ப ஏறியது. இரண்டாம் வருடம் அது தொடங்கிய இடமே வேறு. ஆடிக்குள் புதரின் நடு இறங்கிவிட்டது. முதல் வருடத்தை வைத்து இதை மதிப்பிடக்கூடாது.

உண்மையில் கஷ்டம் பூச்சியால் வரவில்லை, அக்கம்பக்கத்தால் வந்தது. பக்கத்து வளவு அக்கா ஒரு நாள் படலையில் நின்று, "என்ன தம்பி, வெண்மூட்டுப் பூச்சியை வளர்க்கிறீரோ? என்ரை பப்பாசிக்கு வந்தால் ஆர் பொறுப்பு?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2008 இல் பப்பாசி வெண்மூட்டுப் பூச்சி நாட்டுக்குள் வந்தபோது பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. மரவள்ளி, செவ்வரத்தை, ஒன்றையும் விடவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளைதான். வாயால் சொல்லி அக்கா நம்பவில்லை. பஞ்சு பிடித்த மடல் துண்டு ஒன்றை அவருடைய மரவள்ளிக் கன்றிலேயே கட்டிவிட்டேன். மடல் காய்ந்தது, பூச்சியும் செத்தது, மரவள்ளிக்கு ஒன்றும் இல்லை. கள்ளியைத் தவிர வேறெதிலும் அதனால் உயிர் வாழ முடியாது. இப்போது அவரே வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்கிறார், என்னைவிட நன்றாக.

வேடிக்கை என்னவென்றால், வெண்மூட்டுப் பூச்சியைத் தின்று பப்பாசிக்காரர்களுக்கு நண்பனாகிற ஒன்று எனக்கு எதிரி. பொறிவண்டுப் புழுக்களில் ஒரு வகை, உடம்பெல்லாம் வெள்ளை நூலோடு, கொச்சினீலின் நடுவே மாறுவேடத்தில் ஊர்ந்து திரிந்து அதையே தின்னும். நிற்கிற பஞ்சு பூச்சி, நடக்கிற பஞ்சு பொறிவண்டுப் புழு என்று நினைவில் வையுங்கள். புழு கூடினால் அந்த ஓரத்தில் சில கிழமைக்கு வேலை மந்தமாகும். நான் ஒன்றும் செய்யவில்லை, கொல்லவும் மனமில்லை; மிளகாய்த் தோட்டத்துக்கு அது வேண்டும். மிளகாய்க்கு மருந்தடித்த நாட்களுக்குப் பிறகும் அந்தப் பக்கத்தில் பஞ்சு குறைந்ததைப் பார்த்தேன்.

ஒரு விஷயம் யாரும் முன்கூட்டிச் சொல்லாதது: செத்த நாகதாளியும் நாகதாளிதான். மடல் காய்ந்து வலையாகச் சுருண்டாலும் முள் அப்படியே இருக்கும், செருப்பைத் துளைத்துக்கொண்டு வரும். ஒவ்வொரு புரட்டாசியிலும், மழைக்கு முன்பு, காய்ந்ததை வாரிக் குவித்து எரிக்கக் கூலிக்கு ஆள் பிடித்தோம். பூச்சிக்குச் செலவில்லை, செலவெல்லாம் இதற்குத்தான். அப்படியும் ஜேசிபிக்குக் கொடுத்ததோடு பார்த்தால் கொஞ்சம்.

முழுவதும் ஏன் அழியாது என்றேனே. செடி குறைந்தால் பூச்சி குறையும், பூச்சி குறைந்தால் செடி தலை தூக்கும், பிறகு பூச்சி வரும். கடைசிப் புதரையும் நாமே வெட்டி எரித்தால் பூச்சி பட்டினியில் செத்துவிடும். அடுத்த மாரியில் மண்ணிலிருந்து விதை முளைக்கும்போது அதைத் தின்ன யாரும் இருக்கமாட்டார்கள். அதனால் மேற்கு மூலையில் ஒரு புதரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அதில் பழமும் வரும், பிள்ளைகள் வாய் சிவக்கத் தின்னும். எங்கள் ஆச்சிக்கும் அதில் ஒரு சமாதானம். அவருக்கு நாகதாளி வேலியை அழிப்பதே பிடிக்கவில்லை.

எல்லாரும் கேட்கிற கேள்வி, பாத்தீனியம் என்கிற களைக்கும் இப்படி ஒன்று இல்லையா என்பது. இந்தியப் படை காலத்தில் ஆடுகளோடு வந்தது என்று ஊரில் சொல்கிற அதே செடிதான். இந்தியாவில் 1984 இல் மெக்சிக்கோவிலிருந்து கொண்டுவந்த வண்டு ஒன்றை விட்டார்கள், இலையைத் தின்று தீர்க்கும். பின்னர் அது சூரியகாந்தியையும் கடிக்கிறது என்று பெரிய பிரச்சினை கிளம்பி, விசாரணைக் குழு வரை போனது. சென்னையில் இருக்கிற மருமகன் ஒரு போத்தலில் போட்டுக்கொண்டு வரட்டுமா என்று கேட்டான். கூடவே கூடாது என்றேன். 1999 ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆஸ்திரேலியாவில் கள்ளியை வென்று பெயரெடுத்த அந்துப்பூச்சியை 1957 இல் கரீபியத் தீவொன்றில் விட்டார்கள்; 1989 இல் அது புளோரிடாவில் நின்றது, அங்கே அந்த மண்ணுக்கே உரிய கள்ளிகளைத் தின்கிறது. முறையாகச் சோதித்து விட்டால் நல்லது நடக்கும், நீரில் மிதக்கிற களையான சல்வீனியாவுக்கு 1986 இல் விட்ட கூன்வண்டு இந்த நாட்டுக் குளங்களில் அதைத்தான் செய்தது. அது திணைக்களத்தின் வேலை, பயணப் பையின் வேலை அல்ல. பாத்தீனியத்தை நான் இன்னும் பூக்கு முன் கையுறை போட்டுப் பிடுங்கித்தான் வருகிறேன்.

பழத்துக்கோ பானத்துக்கோ நாகதாளியை வளர்க்கிறவர்கள் பக்கத்தில் இருந்தால் இதைத் தொடாதீர்கள். மொரோக்கோவில் 2014 இல் இதே பூச்சி போய்ச் சேர்ந்து, சனங்கள் பழத்துக்காக வளர்த்த கள்ளித் தோட்டங்களை அழித்தது. என்னிடம் இரண்டு டிராகன் பழக் கொடிகள் நிற்கின்றன, அதுவும் கள்ளி இனம்தான்; அவற்றில் இதுவரை ஏறவில்லை. ஆனாலும் தோட்டமாகப் போட்டிருப்பவர் அயலில் இருந்தால் முதலில் அவரிடம் கதைத்துவிடுங்கள்.

தீவுப் பகுதியில் யாருக்காவது மடல் வேண்டுமென்றால் மாசிக் கடைசியில் வாருங்கள், அதற்கு முன் வந்து பிரயோசனமில்லை. தடித்த கையுறையும் வாய் கட்டிய உரப்பையும் கொண்டுவாருங்கள். பஸ்ஸில் மட்டும் கொண்டுபோகாதீர்கள், பக்கத்து சீட்டுக்காரர் பாவம்.