ஐ20 என் லைன் மேனுவல்: கிளட்ச் உள்ள காரை நான் ஏன் தேடி வாங்கினேன்

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருந்தவள் அதை விற்றுவிட்டு ஹூண்டாய் ஐ20 என் லைன் காரை மேனுவலில் வாங்கினால், பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஏனுங்க, வசதியான வண்டிய குடுத்துட்டு மறுபடியும் கிளட்ச்சு மிதிக்கோணுமா?" பதிலை ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

பொள்ளாச்சியில் தென்னை நார் தொழில் செய்கிறேன். அக்கா குடும்பம் வால்பாறையில் ஒரு எஸ்டேட்டில் இருக்கிறது. ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டினால் வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போர்டு உண்டு. ஒன்பதாவது வளைவில் இருக்கும் காட்சிமுனையில் நின்றால் ஆழியாறு அணை முழுசாகத் தெரியும். வரையாடுகள் ரோட்டோரச் சுவரில் ஏறி நிற்கும். இந்த வழியில் அடிக்கடி ஏறி இறங்குகிறவள் நான். என் பழைய கார் ஏஎம்டி வகை, அதாவது கிளட்ச்சையும் கியரையும் மோட்டாரே இயக்கும் ஆட்டோமேட்டிக். ஊருக்குள் அதைப்போல சுகமான வண்டி இல்லை. மலையில்தான் எனக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை.

வளைவுக்கு முன்னால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பேன். வேகம் போதும் என்று நினைத்து அது மேல் கியருக்குப் போய்விடும். வளைவைத் திருப்பி மறுபடி மிதித்தால், கொஞ்சம் யோசித்து, தலையை ஆட்டி, கீழ் கியருக்கு வரும். அதற்குள் ஏற்றத்தில் வேகம் செத்துவிடும். இது அந்த வண்டியின் குறை இல்லை. அந்த கியர்பாக்ஸ் என் கால் எவ்வளவு அழுத்துகிறது, சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. அதற்கு ரோடு தெரியாது. எனக்குத் தெரியும். அடுத்து வருவது கொண்டை ஊசியா, எதிரே பஸ் இறங்குகிறதா, மூடுபனி தொடங்கிவிட்டதா என்று கண்ணால் பார்க்கிறேன். பார்க்கிறவள்தானே கியரை முடிவு பண்ண வேண்டும்? மேனுவலுக்கு நான் வந்த காரணம் இதுதான்.

சரி, மேனுவல்தான் வேண்டுமென்றால் சாதாரண மாடலே போதுமே என்று கேட்கலாம். சாதாரண 1.2 லிட்டர் ஹேட்ச்பேக்கில் ஆள் ஏற்றி மலை ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டாவது கியரில் கத்தவிட்டுத்தான் ஏற வேண்டும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இருந்தால் அந்தக் கஷ்டம் இல்லை. ஐ20 என் லைனில் 998 சிசி, மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின். 120 பிஎஸ் பவர், 172 என்எம் டார்க் (முறுக்குவிசை). அந்த டார்க் 1500 ஆர்பிஎம்மிலேயே (எஞ்சின் நிமிஷத்துக்குச் சுற்றும் சுற்று) வந்து 4000 வரை நிற்கிறது. மலைக்கு இதுதான் முக்கியம்.

எஞ்சின் ஏன் இவ்வளவு சின்னது என்பதற்கு நம் வரிக் கணக்கு காரணம். 4 மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள் எஞ்சின். இரண்டும் இருந்தால்தான் சின்ன காருக்கான குறைந்த வரி. இந்தக் காரின் நீளம் 3995 மில்லிமீட்டர். ஐரோப்பாவில் விற்ற ‘ஐ20 என்’ (i20 N) வேறு ஜாதி: 1.6 லிட்டர், 204 பிஎஸ், கியர்பாக்ஸ் மேனுவல் மட்டும். பெயரில் ‘என்’ (N) இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்து ஷோரூமுக்குப் போகாதீர்கள். நமக்கு வருவது என் லைன். ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் தயாராகும் ஐ20யை எடுத்து, சஸ்பென்ஷனை இறுக்கி, ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் கனமாக்கி, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் போட்டு, சைலன்சர் சத்தத்தையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தக் கார் 2021இல் வந்தபோது இரண்டு கிளட்ச்சைத் தானே இயக்கும் டிசிடி ஆட்டோமேட்டிக்கும் ஐஎம்டியும்தான் இருந்தன. ஐஎம்டியில் கியர் லிவர் உண்டு, கிளட்ச் பெடல் கிடையாது. கியர் மாற்ற லிவரை அசைத்ததும் சென்சார் உணர்ந்து கிளட்ச்சை அதுவே இயக்கும். 2023 செப்டம்பரில் வந்த புது வடிவத்தில் ஐஎம்டியை எடுத்துவிட்டு, மூன்று பெடலோடு 6 கியர் மேனுவலை வைத்தார்கள். அப்போது ஆரம்ப ஷோரூம் விலை 9.99 லட்சம். உலகமே ஆட்டோமேட்டிக் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு பெரிய கம்பெனி கிளட்ச்சைத் திரும்பக் கொண்டுவந்தது எனக்கு உண்மையாகவே சந்தோஷம். இப்படிப்பட்ட கார்கள் இங்கே நிலைப்பதில்லை. 145 பிஎஸ்ஸோடு 2015இல் வந்த அபார்த் புன்டோ, 2017இல் வந்த பலேனோ ஆர்எஸ், 110 பிஎஸ் போலோ டிஎஸ்ஐ என்று எல்லாம் வந்தன, போயின. டாடா 2024 ஜூனில் அல்ட்ரோஸ் ரேசரைக் கொண்டுவந்தது. அதுவும் 120 பிஎஸ், 6 கியர் மேனுவல் மட்டும். அதையும் ஓட்டிப் பார்த்தேன். பின் சீட்டுக்காரர்களுக்கு நல்ல வண்டி. ஸ்டீயரிங்கும் கியர் லிவரும் என் கைக்குப் பொருந்தியது என் லைனில்தான்.

இனி ஓட்டப் பழகுவது பற்றி. இதைத்தான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

நம் ஊரில் லைசென்ஸ் வாங்கினால் மேனுவல், ஆட்டோமேட்டிக் இரண்டுக்கும் சேர்த்துத்தான். டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டிலும் பிரேக்கும் கிளட்ச்சும் இருக்கும். சொல்லிக் கொடுப்பவரின் கால்தான் பாதி வேலையைச் செய்துவிடும். அதனால் லைசென்ஸ் கையில் இருந்தாலும், கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று நம் காலுக்குத் தெரிந்திருக்காது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆளில்லாத சமதளத்தில் முதல் கியர் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை மட்டும் மெதுவாக விடுங்கள். எஞ்சின் சத்தம் லேசாகக் கனக்கும், பானெட் கொஞ்சம் அசையும். அங்கேயே காலை நிறுத்தினால் கார் தானாக நகரும். அந்த இடம் காலுக்கு மனப்பாடம் ஆகும்வரை அதையே செய்யுங்கள். இந்தக் காரின் கிளட்ச் லேசானது, அதனால் பழகச் சுலபம்.

எனக்கு மலை ஓட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் அண்ணன். வால்பாறை ரூட்டில் பல வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் முதலில் பார்த்தது என் இடது காலை. "கியர் மாத்துனதும் கிளட்ச்சுல இருந்து கால எடுத்துருங்க அம்மிணி. அதுமேலயே வெச்சிருந்தா பிளேட்டு தேஞ்சுரும்." அடுத்தது ஏற்றத்தில் நிறுத்துவது. முன்னால் பஸ் நின்றால் ஹாஃப் கிளட்ச்சில் காரைத் தொங்கவிட்டுக் காத்திருக்கிறவர்கள் நிறையப் பேர். பிளேட் சூடாகிக் கருகல் வாசம் வருவது அப்போதுதான். ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள், கிளட்ச்சை விட்டுவிடுங்கள். கிளம்பும்போது கிளட்ச் பிடித்ததும் ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். இதில் ஹில் அசிஸ்ட் உண்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் கார் பின்னால் உருளாமல் சிறிது நேரம் பிடித்துக்கொள்ளும். ஆனாலும் ஹேண்ட் பிரேக் பழக்கம் இருந்தால் எந்த வண்டியிலும் கை கொடுக்கும்.

மூன்றாவது பாடம்தான் பெரியது. "ஏறுன கியர்லயே இறங்கோணும். பிரேக்கு நிறுத்தறதுக்குத்தான், புடிச்சுக்கிட்டே வர்றதுக்கு இல்லீங்க." இறக்கம் முழுக்க பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் டிஸ்க்கும் பேடும் சூடாகிப் பிடிப்பு குறையும். பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் எஞ்சினே சக்கரத்தைப் பிடித்து வைக்கும். வளைவுக்கு முன் ஒரே ஒரு அழுத்தம் போதும். முதல் தடவை அப்படி இறங்கி ஆழியாறு வந்து சேர்ந்தபோது பின்சீட்டில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா மலைப்பாதையில் எப்போதும் வாந்தி எடுப்பவர்.

கியரைக் குறைக்கும்போது வருகிற குலுக்கலைப் போக்குவதில்தான் இந்தக் காரின் முழு சந்தோஷமும் எனக்குக் கிடைத்தது. மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும்போது அதே வேகத்துக்கு எஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்றியாக வேண்டும். கிளட்ச் உள்ளே இருக்கும்போதே ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி ஆர்பிஎம்மை ஏற்றிவிட்டு கிளட்ச்சை விட்டால், கியர் மாறியதே தெரியாது. ஐரோப்பிய ஐ20 என்னில் இதைத் தானே செய்ய ஒரு பட்டன் வைத்திருந்தார்கள். நமக்கு அது இல்லை, காலால்தான் செய்ய வேண்டும். பிரேக்கை முன்பாதத்தால் அழுத்திக்கொண்டே பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலேட்டரைத் தட்டுவது அதற்கு அடுத்த படி. அதை மலையில் பழகாதீர்கள். கோவைக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற 2.1 கிலோமீட்டர் ரேஸ் டிராக் இருக்கிறது. எதிரே லாரி வராத இடத்தில் பழக வேண்டிய வித்தை அது. ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் ஊர்ப் பக்கம் இருந்துகொண்டு டிராக் பக்கமே போகாமல் இருப்பது நியாயமும் இல்லை.

டர்போ எஞ்சினுக்கென்று தனியாக ஒன்று தெரிந்திருக்க வேண்டும். "நாப்பது வந்தாச்சு, நாலு போடு" என்று ஸ்கூலில் பழக்கிய வேகக் கணக்கு இங்கே செல்லாது. ஆர்பிஎம்மைப் பாருங்கள். 1500க்குக் கீழே டர்போ முழுசாக வேலை செய்யாது. கொண்டை ஊசியில் பஸ்ஸுக்கு வழிவிட்டு வேகம் செத்துப்போனால் இரண்டாவது கியரில் இழுக்க முயலாதீர்கள், தயங்காமல் முதல் கியர் போடுங்கள். சமவெளியிலும் அப்படித்தான். ஐந்தாவது கியரில் 1200 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரை முழுசாக அழுத்தினால், சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பெட்ரோல் தெளிக்கும் இந்த வகை டர்போ எஞ்சின்களில் பெட்ரோல் நேரம் தப்பிப் பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. பிஸ்டனுக்கு ஆகாது. கியரைக் குறைத்து மிதியுங்கள். அப்புறம், ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. இறங்கும்போது ஒதுங்கி நில்லுங்கள், காரில் எத்தனை பிஎஸ் இருந்தாலும்.

ஆழியாறு சாலையில் மரநிழலில் மூன்றாவது கியரில் 3000 ஆர்பிஎம் தாண்டும்போது எஞ்சின் தொண்டையைத் திறக்கும் சத்தம் எனக்குப் பிடிக்கும். வெளியே நிற்பவர்களுக்கு அது தொந்தரவாக இருக்காது. கியர் லிவர் குட்டையாக நகர்ந்து சுத்தமாக உட்காருகிறது. ரிவர்ஸ் கியருக்கு லிவரின் வளையத்தை மேலே தூக்கிப் போட வேண்டும் என்பதால் முதல் கியர் என்று தப்பாகப் போட வழியில்லை. 195/55 ஆர்16 டயர் வளைவில் நன்றாகப் பிடிக்கிறது, ஈரத்திலும் நம்பிக்கை தருகிறது. வால்பாறையில் மழை பெய்யாத நாட்களைத் தேடத்தான் வேண்டும் என்பதால் இதை முக்கியமாகச் சொல்கிறேன். கட்டுப்பாடு இழந்தால் காப்பாற்றும் ஈஎஸ்சியும் 6 ஏர்பேக்கும் எல்லா மாடலிலும் உண்டு.

பிடிக்காதவை என்றால், சஸ்பென்ஷன் இறுக்கம் மெதுவாகப் போகும்போது தெரிகிறது. எங்கள் தென்னந்தோப்பு மண் பாதையில் ஒவ்வொரு குழியையும் எண்ணிச் சொல்லிவிடும். வேகம் கூடினால் சரியாகிவிடுகிறது. உள்ளே முழுக்கக் கறுப்பு, வெயிலில் நிறுத்தினால் அனல். பெட்ரோல் டேங்க் 37 லிட்டர்தான். மலையில் உற்சாகமாக ஓட்டினால் எனக்கு 11, 12தான் மைலேஜ் வருகிறது. நெடுஞ்சாலையில் அமைதியாகப் போனால் 17 வரை. மைலேஜுக்காகக் கார் தேடுகிறவர்கள் இதன் பக்கம் வர வேண்டாம்.

தினமும் காலை ஒன்பது மணிக்கு கோவை அவிநாசி சாலை சிக்னல்களில் ஊர்ந்து போய் வேலை பார்க்கிறவர்கள், மலைப்பக்கமே போகாதவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள், டிசிடியை எடுங்கள். விலை ஒரு லட்சத்துக்கு மேல் கூடும், ஆனால் உங்களுக்கு அது நியாயமான செலவு. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கியர் மாற்ற பேடில் ஷிஃப்டரும் இருக்கிறது. எனக்கு அது போதவில்லை. கியர் மட்டும் என் கையில் இருந்து கிளட்ச் வேறு யாரிடமோ இருப்பதை என் கால் ஒத்துக்கொள்ளவில்லை.

மேனுவல் எடுப்பவர்களுக்கு விலை குறைந்த என்6 மாடல் போதும் என்பது என் கருத்து. எஞ்சினும் கியர்பாக்ஸும் என்8லும் அதேதான். மேலே போகும் பணம் பெரிய திரைக்கும் போஸ் ஸ்பீக்கருக்கும் போகிறது. அந்தப் பணத்தில் ஒரு டயர் செட்டும் இரண்டு டிராக் நாளும் வரும். டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது மேனுவல் காரையே கேளுங்கள். டிசிடியை ஓட்டிக் காட்டி "இதே எஞ்சின்தாங்க" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஷோரூம் பக்கத்தில் ஒரு மேம்பாலம் இருந்தால் அதன் ஏற்றத்தில் இரண்டாவது கியரில் மிதித்துப் பாருங்கள், இறக்கத்தில் காலை எடுத்துப் பாருங்கள்.