டாலிஸ் ஸ்காலர்ஸ் வட்டுகள்: புதுச்சேரி வீட்டில் நீண்ட நாள் ஓடவிட்டுப் பார்த்தால்

பக்கவாத்தியம் கிடையாது, தம்புரா கூடக் கிடையாது. வழக்கமாகப் பத்துப் பேர், ஒரு குரல் வரிக்கு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் தனித்தனி மெட்டுகளில் ஒன்றுக்கு) இருவர். பழைய ஐரோப்பியத் தேவாலய இசையைப் பாடும் டாலிஸ் ஸ்காலர்ஸ், பீட்டர் ஃபிலிப்ஸ் 1973-இல் தொடங்கிய இங்கிலாந்துப் பாடகர் குழு; 1980-களின் தொடக்கத்திலிருந்து ஜிமெல் என்ற தங்களுக்கென்றே அமைந்த நிறுவனத்தில் பதிவுகளை வெளியிட்டு வருகிறது. பதிவு செய்த இடங்களும் பெரும்பாலும் இரண்டே: ஆக்ஸ்போர்டு மெர்ட்டன் கல்லூரியின் சிற்றாலயம், நார்ஃபோக்கில் சால் என்ற சிற்றூரின் தேவாலயம். அதனால் ஒலியின் குணம் பதிவுக்குப் பதிவு அதிகம் மாறுவதில்லை. பழைய சிடி வட்டா, புதிய வட்டா என்று தயங்காமல் எடுக்கலாம்.

நம் ஊரில் முதல் தகராறு அறைதான். உயரக் கூரை, வெறும் சுவர், டைல்ஸ் அல்லது சிவப்புத் தரை என்று அமைந்த வீட்டில் பேச்சே எதிரொலிக்கும். இந்தப் பதிவுகளிலோ தேவாலயத்தின் எதிரொலி ஏற்கெனவே நிறைய இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் நான்கைந்து குரல் வரிகள் பின்னிப் போவது மறைந்து, ஒரே மேகமாகக் கேட்கும். 'எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே' என்று பலரும் இந்த இசையைக் கைவிடுவதில் பாதிப் பழி அறைக்குத்தான் சேரும். ஸ்பீக்கருக்கு முன்னால் தரையில் ஒரு கனத்த ஜமக்காளம், எதிர்ச்சுவரில் திரையோ நிறைந்த புத்தக அலமாரியோ போதும். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டு மூன்றடி முன்னால் தள்ளி, ஒன்றுக்கொன்று ஆறடி இடைவெளியில் வைத்து, அதே ஆறேழு அடி தள்ளி உட்கார வேண்டும். மூலையில் ஒட்டி வைத்தால் கீழ்க்குரல் ஊதிப்போய் நடுக்குரல்களை விழுங்கிவிடும்.

மின்விசிறி அடுத்த எதிரி. வரி முடிந்தபின் ஒலி மெல்ல அடங்கும் சில விநாடிகள்தான் இந்தப் பதிவுகளின் உயிர். விசிறி முழு வேகத்தில் சுற்றினால் முதலில் போவது அதுவே. மே மாதத்தில் விசிறியை நிறுத்து என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அப்போது காதை மூடும் வகை ஹெட்போனே வழி.

ஒலியளவை மென்மையான தொடக்கத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்து இசையமைப்பாளர் தாமஸ் டாலிஸின் 'ஸ்பெம் இன் அலியம்' எட்டு அணிகளாகப் பிரிந்த 40 குரலுக்கானது. ஒற்றைக் குரலில் தொடங்கி, வழியில் ஓரிடத்தில் நாற்பதும் ஒன்றாக எழும். அந்த இடத்தில் பிசிறு தட்டாத அளவுக்கு வைத்துவிட்டுப் பிறகு முதலிலிருந்து கேளுங்கள். பேஸ் பூஸ்ட், சரவுண்ட், ஒலியைத் தானாகச் சமன்செய்யும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். கிராஸ்ஃபேட் கண்டிப்பாகக் கூடாது: ஒரு பகுதியின் ஒலி அடங்கி முடியும் முன்பே அடுத்தது அதன் மேல் ஏறிவிடும்.

கோப்பாக மாற்றுபவர்களுக்கு: சிடி என்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். 70 நிமிட வட்டு அப்படியே எடுத்தால் 700 எம்பி வரும். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்தில் அதில் பாதிக்கும் கீழே கூட இறங்கும். 128 கேபிபிஎஸ் எம்பி3 வேண்டாம். 'ஸ' ஒலிகள் கரகரத்து, எதிரொலி நுனியில் நீர் குமிழிடுவது போல ஆகும். கலைஞர் பெயரை மட்டும் வைத்து அடுக்கினால் எல்லாத் திருப்பலிகளின் (பூசைக்காக இசையமைத்த பாடல் தொகுதிகளின்) 'கீரியே'யும் ஒரே பெயரில் குவிந்து கிடக்கும். இயற்றியவர், திருப்பலியின் பெயர், பகுதி எண் என்ற வரிசையில் பெயரிடுங்கள். ஜென்மராக்கினி கோவிலிலோ திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவிலோ பூசை கண்டவர்களுக்கு கீரியே, குளோரியா, கிரேதோ, சாங்க்துஸ், ஆக்னுஸ் தேயி வரிசை தானே பிடிபடும். நாம் தமிழில் பாடும் அதே பகுதிகள்தான்.

கடற்காற்றில் வட்டைவிட அதன் குறிப்பேடுதான் முதலில் கெடும். ஐப்பசி மழையில் வழவழப்புத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் காயவைக்க வேண்டும். வட்டைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும், சுற்றிச் சுற்றி அல்ல. பளபளக்கும் பக்கத்தைவிட எழுத்துள்ள பக்கத்துக்குத்தான் அதிகக் கவனம் தேவை: அலுமினியப் படலம் அந்த மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது.

எதில் தொடங்குவது? 1980-இல் மெர்ட்டனில் பதிந்த, இத்தாலிய இசையமைப்பாளர் அல்லேக்ரியின் 'மிசரேரே'தான் எல்லோரும் சொல்வது. விவிலியத்தின் திருப்பாடல் 51, ஐந்து குரல் அணி ஒன்று, தள்ளி நிற்கும் நான்கு குரல் அணி ஒன்று. தூரம் காதில் விழுகிறதா என்று ஸ்பீக்கரைச் சோதிக்க இதைவிட நல்ல பதிவு இல்லை. ஆனால் நாள்பட நிற்பது, 1500-ஐ ஒட்டி வாழ்ந்த இசையமைப்பாளர் ஜோஸ்கினின் திருப்பலித் தொகுப்புதான். 'பாங்கே லிங்குவா', 'லா சோல் ஃபா ரே மி' திருப்பலிகள் அடங்கிய வட்டு 1987-இல் கிராமஃபோன் என்ற பிரிட்டிஷ் இசை இதழின் ஆண்டின் சிறந்த பதிவு விருதைப் பெற்றது. 2020-இல் ஒன்பதாவது வட்டோடு 18 திருப்பலிகளும் முடிந்தன.

குறையும் உண்டு. மேல்குரல்கள் உயரத்தில் நின்றே பாடுவதால் ஒரு மணி நேரத்தில் காது சலிக்கும்; மலிவான இயர்போனில் இன்னும் சீக்கிரம். அழகு குலையவே குலையாது என்பதும் ஒரு குறைதான், சொற்களின் வலி சில இடங்களில் வழுக்கிப் போகிறது. ஒரு இரவுக்கு ஒரு திருப்பலி, அதாவது அரை மணி நேரம் போல, போதுமானது. தொகுப்பில் உள்ள 'தா பாச்செம்' திருப்பலியை மட்டும் பௌல்தெவைன் என்ற இன்னொரு இசையமைப்பாளர் பெயரில் சேமியுங்கள். அது ஜோஸ்கினுடையது அல்ல என்பதே இன்றைய ஆய்வாளர்களின் பொதுவான கருத்து.