தீசிஸ் பைண்டிங்குக்கு வேலூர் பாய் கடை எப்படி?

பிஎச்டி முடிக்கும் தறுவாயில் இருக்கும் ஜூனியர்கள் வாரத்துக்கு ஒருவராவது வந்து நிற்கிறார்கள். "அக்கா, தீசிஸ் எங்க பைண்ட் பண்ணீங்க?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

கடை வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். பெயர்ப்பலகை உண்டு, வெயிலில் வெளுத்து ஒரு எழுத்தும் தெரியாது. எங்கள் லேபில் எல்லாருக்கும் அது பாய் கடை. வேலூரில் பாய் கடை என்று கேட்டால் நாலு திசையிலும் கை காட்டுவார்கள். வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்காக வாசலில் வங்காளத்தில் எழுதி ஒட்டியிருக்கும் ஜெராக்ஸ் கடை என்று கேட்டாலும் அதே கதைதான். நேரில் வாருங்கள், வழி சொல்கிறேன்.

என் தீசிஸ் லூபஸ் என்ற நோயைப் பற்றியது. 214 பக்கம், அதில் 46 கலர், 5 பிரதி. கலரிலும் 11 பக்கம்தான் என் உயிர். நோயாளியின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) 80 மடங்கு நீர்த்து, ஹெப்-2 என்ற, லேபில் வளர்த்த மனித செல்கள் ஒட்டிய ஸ்லைடில் விட்டு, பச்சையாக ஒளிரும் எஃப்ஐடிசி சாயம் ஏற்றிய ஆன்டிபாடியைச் சேர்த்து, இருட்டறையில் உட்கார்ந்து ஃப்ளூரசன்ஸ் மைக்ராஸ்கோப்பில் எடுத்த படங்கள். டாக்டர்கள் சீட்டில் ஏஎன்ஏ என்று எழுதுகிறார்களே, அந்த டெஸ்ட்தான்; செல்லின் நியூக்ளியஸையே எதிர்க்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. நியூக்ளியஸ் முழுக்க ஒரே சீராகப் பச்சை பூத்திருந்தால் டிஎன்ஏவுக்கோ ஹிஸ்டோனுக்கோ எதிரான ஆன்டிபாடியைச் சந்தேகிப்போம். ரவை தூவியதுபோல் பொடிப்பொடியாக இருந்தால் ஸ்மித், ஆர்என்பி, ரோ, லா என்று செல்லுக்குள் இருக்கும் வேறு புரதங்களின் பட்டியல். கடுகுபோல் தனித்தனியாக எண்ண முடிகிற புள்ளிகள் என்றால் குரோமோசோமின் இடுப்பான சென்ட்ரோமியர். அது லூபஸை விட்டுவிட்டு தோல் இறுகும் நோயான ஸ்க்ளிரோடெர்மா பக்கம் போகச் சொல்லும். ரவைக்கும் கடுகுக்கும் வித்தியாசம் காகிதத்தில் தெரியாவிட்டால் என் நாலாவது அத்தியாயமே இல்லை.

முதல் பிரிண்டில் தெரியவில்லை. ஸ்க்ரீனில் மின்னிய பச்சை, 75 ஜிஎஸ்எம் காகிதத்தில் குளத்துப் பாசி நிறத்துக்கு இறங்கியிருந்தது. ரவை, கடுகு எல்லாம் ஒரே கூழ். பின்னணி முழுக்கக் கறுப்பு என்பதால் டோனர் ஏறி, பக்கம் வேறு அப்பளம் மாதிரி சுருண்டது.

வேறு கடையாக இருந்தால் "ஃபைல் அப்படித்தாங்க இருக்கு" என்று காசை வாங்கிப் போட்டிருப்பார்கள். பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பக்கத்தை ட்யூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தார். கீழே இருந்த தலைப்பைப் படித்தார். "ஏஎன்ஏவா? இத்த தினம் நாலு ஜெராக்ஸ் போடுறேன்மா. கல்கத்தாலேர்ந்து வர்றவங்க ரிப்போர்ட்ல எல்லாம் இருக்கும். உள்ள இப்படித்தான் இருக்குமா?" ஐந்து வருஷத்தில் என் படங்களை இவ்வளவு நேரம் பார்த்த ஆள் என் கைடுக்கு அடுத்து இவர்தான்.

கோளாறு இரண்டு இடத்தில். ஒன்று, நான் படங்களை வேர்டில் ஒட்டி அப்படியே பிடிஎஃப் ஆக்கியிருந்தேன். செட்டிங்கை மாற்றாவிட்டால் வேர்டு படத்தை நசுக்கிவிடும். இரண்டு, ஸ்க்ரீன் பச்சையை வெளிச்சத்தால் காட்டுகிறது. மெஷின் நீலத்தையும் மஞ்சளையும் கலந்துதான் காட்ட வேண்டும். எஃப்ஐடிசி பச்சை அந்தக் கலவைக்கு எட்டாது. எட்டுகிற அளவுக்காவது எட்டட்டும் என்று நசுங்காத ஒரிஜினல் டிஃப் படஃபைல்களைக் கேட்டு வாங்கி, 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பரில் ஒரு பக்கம் போட்டுப் பார்த்தார். கடுகு கடுகாக வந்தது.

ஆனால் ஒரு படம் மட்டும் மங்கல். "இத்த மட்டும் கொஞ்சம் தூக்கிக் காட்டட்டா?" என்று மவுஸில் கை வைத்துவிட்டார். பதறிப்போய்த் தடுத்தேன். பாசிட்டிவ் படத்தை மட்டும் வெளிச்சமாக்கி, பக்கத்தில் ஒப்பிட வைத்திருக்கும் நெகட்டிவ் கன்ட்ரோலை (அந்த ஆன்டிபாடி இல்லாத சீரத்தின் படம்) அப்படியே விட்டால் அதற்குப் பெயர் மோசடி. கூட்டினால் எல்லாப் படத்துக்கும் ஒரே அளவு கூட்ட வேண்டும். சொன்னதும் புரிந்துகொண்டு, 11 பக்கத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டு, அந்த எண்ணைப் பில்லின் பின்பக்கம் எழுதியும் கொடுத்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் பக்கத்திலேயே நில்லுங்கள். நீங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் உதவி செய்துவிடுவார்.

மூன்றாம் நாள் ஓரம் வெட்டும்போது கேட்டார். "லூபஸ்னா இன்னாம்மா?"

"வெளியிலேர்ந்து வர்ற கிருமியை வெட்டுறதுக்குன்னு உடம்புல ஆள் இருக்கு பாய். அது சில பேருக்கு சொந்த உடம்பையே வெட்டும்."

"ஓரம் வெட்டுற கத்தி எழுத்து மேல ஏறிடுமே, அந்த மாதிரி?"

"அதேதான்."

"அப்போ அளவுக்கட்டை லூசா இருக்கும்."

சிரித்துவிட்டேன். அந்த அளவுக்கட்டைதான் ரெகுலேட்டரி டி செல், சொந்த உடம்பை வெட்டாமல் தடுக்கும் வெள்ளை அணு. ஜப்பான் விஞ்ஞானி சகாகுச்சி 1995இல் அதைக் காட்டினார். 2001இல் அமெரிக்காவின் பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும் அந்தச் செல்லுக்குத் தேவையான ஃபாக்ஸ்பி3 ஜீனைப் பிடித்தார்கள். அது கெட்டுப்போன எலிக்கும் குழந்தைக்கும் கத்தி நிற்பதே இல்லை. மூவருக்கும் 2025இல் நோபல் கொடுத்தார்கள். அதற்காக முன்னுரையில் கடைசி நேரத்தில் ஒரு பத்தி சேர்த்தேன், பக்கங்கள் ஒன்று தள்ளிப் போய்விட்டன, பொருளடக்கத்தை மாற்ற மறந்தேன். கண்டுபிடித்ததும் பாய்தான்.

இப்போது குறை. அளவுக்கட்டை பற்றிப் பேசிய அதே கையால், ஒரு பிரதியில் என் ஏ3 மடிப்புப் பக்கத்தை வெட்டிவிட்டார். ஃப்ளோ சைட்டோமெட்ரி கேட்டிங் (செல்களை லேசர் முன்னால் ஓடவிட்டு வகை பிரித்த படங்கள்) முழுவதும் இருக்கும் பக்கம். மடிப்பு ஓரத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது, கத்தி இறங்கி இரண்டு துண்டு. திட்டவும் முடியவில்லை, ஓரத்திலிருந்து அரை இஞ்ச் உள்ளே தள்ளி மடிக்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. காசு வாங்காமல் வேறு பக்கம் போட்டு ஒட்டிக் கொடுத்தார். அந்தப் பிரதியை நானே வைத்துக்கொண்டேன்.

அட்டையில் பொன் எழுத்தை இன்னும் பித்தளை அச்சு கோத்துத்தான் அடிக்கிறார். லூபஸின் முழுப்பெயரில் வரும் 'எரிதிமட்டோசஸ்' ஒரு பிரதியில் 'எரித்ரோமட்டோசஸ்' ஆகிவிட்டது. அச்சு தலைகீழாகக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருப்பதால் அடிக்கும் முன் நமக்கும் படிக்க வராது. முதலில் ஒரு தாளில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மொத்தம் 5,610 ரூபாய் ஆனது. கறுப்பு-வெள்ளை பக்கம் ஒன்றரை ரூபாய், கலர் 10, ஆர்ட் பேப்பர் 20, ரெக்சின் பைண்டிங் பிரதிக்கு 300. ஐந்து வருஷ ஃபெல்லோஷிப் முடிந்து வீட்டுக் காசில் ஓடிக்கொண்டிருந்த எனக்கு வலித்தது. ஆனாலும் அதிகம் என்று சொல்ல மாட்டேன். சில கடைகளில் தீசிஸ் எழுதித் தருகிறோம், சிமிலாரிட்டியை (பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு) 10 சதவீதத்துக்குக் கீழே இறக்கித் தருகிறோம் என்றெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். இங்கே அந்தப் பேச்சே கிடையாது.

குறைந்தது ஐந்து நாள் கையில் வைத்துக்கொண்டு போங்கள். கடைசி நாள் போனால் கோந்து காயாது, பாய் முகமும் சரியாக இருக்காது. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் பூட்டியிருக்கும், மூன்று மணிக்கு மேல் போனால் எதிர்க் கடையில் சமோசாவும் சூடாகக் கிடைக்கும்.