பார்கோடா, கியூஆர் கோடா?

புதுச்சேரி நேரு வீதிக் கடையில் பிஸ்கட் பொட்டலத்தை ஸ்கேனரில் காட்டியதும் விலை வந்துவிடுகிறது. ஆனால் பார்கோட்டில் விலை கிடையாது. பெரும்பாலும் 13 இலக்கங்கள்தான். 890 என்று தொடங்கினால் இந்தியாவில் பதிவான எண் (இங்கே தயாரானது என்று பொருளில்லை). கடைசி இலக்கம் மற்றவற்றைச் சரிபார்க்க. விலை இருப்பது கடையின் தரவுத்தளத்தில். அது படுத்துவிட்டால் மிஞ்சுவது கோடுகள்தான்.

1994இல் ஜப்பானில் பிறந்த கியூஆர் கோடு குறுக்கிலும் நெடுக்கிலும் தரவைச் சேமிக்கிறது. 7,089 இலக்கங்கள் வரை கொள்ளும். பெரிய மார்க்கெட்டில் பணம் வாங்க வைத்திருக்கும் கியூஆர் அட்டை மீன் செதில் ஒட்டியிருந்தாலும் வேலை செய்கிறதே, காரணம் பிழைதிருத்தம்: உச்ச நிலையில் சுமார் 30 சதவீதம் சிதைந்தாலும் மீட்டுவிடும். மூலைச் சதுரங்கள் மூன்றும் மறையக் கூடாது.

மளிகைக்குப் பார்கோடே போதும். மீன்காரம்மாவுக்குக் கியூஆர்தான், யாரும் மேலே வேறு கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.